கல்ச்சர் முடிவுக்குக் காத்திருக்கும் நாட்களில் ஒன்றைக் குறையுங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்பநலத் துறைச் செயலர் அவர்களுக்கும், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

ரத்தத்தில் தொற்று பரவித் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கும் ஒரு நோயாளிக்கு எந்த ஆன்டிபயாடிக் வேலை செய்யும், எது செய்யாது என்று ஆய்வகம் உறுதியாகச் சொல்வதற்கு வழக்கமான முறையில் இரண்டிலிருந்து மூன்று நாட்கள் ஆகின்றன. அதில் ஒரு முழு நாளையாவது, புதிய கட்டடம் எழுப்பாமல், கோடிக்கணக்கில் கருவி வாங்காமல், இன்று கையில் இருக்கும் முறைகளைக் கொண்டே குறைத்துவிட முடியும். அதற்கு வேண்டியது உங்கள் இரு அலுவலகங்களிலிருந்தும் வரும் ஆணை. மருத்துவ நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருபவள் என்ற முறையில் இந்தக் கோரிக்கையைப் பொதுவெளியில் வைக்கிறேன்.

அந்த நாட்கள் எங்கே கழிகின்றன என்பதை முதலில் சொல்கிறேன். கடும் காய்ச்சலும் ரத்த அழுத்தச் சரிவுமாக வருபவரின் கையிலிருந்து எடுக்கப்படும் 8 முதல் 10 மில்லி ரத்தம், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பாட்டிலில் செலுத்தப்பட்டு, தானியங்கிக் கருவிக்குள் உடல் வெப்பநிலையில் வைக்கப்படுகிறது. உள்ளே கிருமி பெருகி வெளியிடும் கரியமில வாயுவைக் கருவி கண்டுகொண்டு எச்சரிக்கை எழுப்பப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகிறது. அந்தப் பாட்டிலிலிருந்து ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, கிராம் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், இளஞ்சிவப்புக் குச்சிகளா, ஊதா நிறக் கொத்துகளா என்பது கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் காலம் வீணாகிறது. பாட்டிலில் உள்ளதைத் தட்டில் கோடிட்டு வளர்க்க ஓர் இரவு. வளர்ந்த கிருமிக் கூட்டத்தை எடுத்து மருந்து வில்லைகளை வைத்து, எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வளையம் விழுகிறது என்று சென்சிட்டிவிட்டி பார்க்க இன்னோர் இரவு. இடையில் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் மூன்றாவது இரவும் சேர்ந்துகொள்ளும்.

அந்த நேரம் முழுவதும் மருத்துவர் ஊகத்தில்தான் மருந்து கொடுக்கிறார். அதில் அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. ரத்த ஓட்டத் தொற்றால் நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போய்விட்டால் ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட்டாக வேண்டும் என்பதே உலகம் ஏற்றுக்கொண்ட நெறிமுறை. எந்த விரைவுச் சோதனையும் அந்த முதல் ஊசியைத் தீர்மானிக்கப் போவதில்லை. ஆனால், மறுநாள் காலை ரவுண்ட்ஸில் அந்த மருந்தைத் தொடர்வதா, மாற்றுவதா, குறைப்பதா என்ற முடிவை அது தீர்மானிக்கும். அந்த ஒரு நாள்தான் பல நேரங்களில் உயிருக்கும் சாவுக்கும் இடையில் நிற்கிறது.

இந்த அவசரம் நமக்குக் கூடுதலாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. கடைசி வரிசை மருந்துகள் என்று நாம் நம்பியிருந்த மெரோபெனம், இமிபெனம் போன்ற கார்பபெனம் வகை மருந்துகளைச் சிதைக்கும் என்.டி.எம்.-1 என்ற நொதி, புது டெல்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒரு நோயாளியிடம் 2008இல் கண்டறியப்பட்டது. 2010இல் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வெளியாகி உலகையே உலுக்கிய ஆய்வின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அந்த ஆய்வில் இடம்பெற்ற கிருமிகளில் 44 சென்னையிலிருந்து எடுக்கப்பட்டவை. நாட்டின் பெயரைக் கெடுக்கிறார்கள் என்று அப்போது எழுந்த கூச்சலில் அந்த எச்சரிக்கையின் பொருள் காதில் விழாமல் போனது. 2012 ஆகஸ்ட்டில் மருத்துவ அமைப்புகள் பல இதே நகரில் கூடி, சென்னைப் பிரகடனம் என்று அறியப்படும் செயல்திட்டத்தை வகுத்தன. ஆக, இந்தச் சிக்கலைக் கண்டு சொன்னதிலும் தீர்வைப் பேசியதிலும் நம் நகரம் முன்னால் நின்றிருக்கிறது. நம் மாவட்ட ஆய்வகங்கள் பின்தங்கியிருப்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்தெதிர்ப்புத் தொற்றுகள் நேரடிக் காரணமாக உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக 2022இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு கூறுகிறது; அவர்களில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் இந்தியர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பு வலைப்பின்னல் அண்மை ஆண்டுகளில் வெளியிட்ட அறிக்கைகளில், பெரிய மருத்துவமனைகளில் கிடைக்கும் கிளெப்சியெல்லா என்ற கிருமியில் பாதிக்கும் மேற்பட்டவை கார்பபெனத்துக்கு அடங்குவதில்லை. அசினெட்டோபேக்டர் என்ற இன்னொரு கிருமியின் நிலை அதைவிட மோசம்.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் கொள்முதல் முடிவு அதையே சார்ந்திருக்கிறது. கார்பபெனத்துக்கு எதிர்ப்பு இருக்கிறது என்று அறிக்கை கொடுப்பது மட்டும் இன்று போதாது. எந்த நொதியால் அந்த எதிர்ப்பு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆக்ஸா-48 வகை நொதி என்றால் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற மருந்து தனியாகவே பலன் தரும். என்.டி.எம். என்றால் அது தனியாகப் பயன்படாது. ஆஸ்ட்ரியோனாமைச் சேர்த்துக் கொடுத்தால்தான் வேலை செய்யும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் சில நாடுகளிலும் அதிகம் காணப்படும் கே.பி.சி. நொதி நம் நாட்டில் அரிது. நம்மிடம் உள்ளவை பெரும்பாலும் என்.டி.எம்., ஆக்ஸா-48, அல்லது இரண்டும் ஒரே கிருமியில். நாளொன்றுக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவாகும் மருந்தை, கடன் வாங்கியாவது குடும்பத்தார் வாங்கி வருகிறார்கள். அந்த மருந்து அந்தக் கிருமியிடம் பலிக்காது என்பது மூன்றாம் நாள் தெரியவந்தால் அந்தக் குடும்பத்திடம் என்ன சொல்வது? இன்னொரு பக்கம், எதுவும் தெரியாத நிலையில் பாதுகாப்புக்கென்று கோலிஸ்டின் தொடங்கப்படுகிறது. அது சிறுநீரகத்தைப் பாதிக்கும் பழைய மருந்து. சென்னையின் ஆர்கிட் ஃபார்மா நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்ட என்மெட்டாசோபாக்டம், செஃபிபைமுடன் சேர்ந்த கூட்டு மருந்தாக 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அதுவும் என்.டி.எம். நொதியிடம் தோற்றுவிடும். எத்தனை புதிய மருந்து வந்தாலும், எதிரில் இருக்கும் நொதி எது என்று தெரியாமல் அதை உரிய நோயாளிக்குக் கொடுக்க வழியில்லை.

அந்த நொதியை அறியும் சோதனைகள் எளியவை. 2012இல் பிரான்ஸைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வகுத்த கார்பா என்.பி. சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். கிருமியை உடைத்து, இமிபெனம் கலந்த சிவப்புக் கரைசலில் விட்டு, 37 டிகிரியில் வைத்தால், நொதி மருந்தைச் சிதைக்கச் சிதைக்கக் கரைசல் அமிலமாகி, சிவப்பு ஆரஞ்சாகி மஞ்சளாகிறது. பக்கத்திலேயே மருந்து கலக்காத குழாய் சிவப்பாகவே நிற்கும். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வேண்டியவை ஃபீனால் ரெட், துத்தநாக சல்பேட், இமிபெனம், ஒரு வாட்டர் பாத். எந்த மருத்துவக் கல்லூரி ஆய்வகத்திலும் இவற்றைத் திரட்டிவிடலாம். ஆக்ஸா-48 வகையைச் சில நேரம் தவறவிடும் என்பது அதன் குறை. அந்தக் குறையைத் தீர்ப்பவை, கர்ப்பப் பரிசோதனை அட்டை போல் கோடு விழும் பட்டைச் சோதனைகள்: கே.பி.சி., என்.டி.எம்., விம், இம்ப், ஆக்ஸா-48 என்னும் ஐந்து நொதிகளில் எது இருக்கிறது என்பதைத் தட்டில் வளர்ந்த கிருமியிலிருந்து 15 நிமிடங்களில் காட்டிவிடுகின்றன. கோடு எந்த எழுத்துக்கு நேரே விழுகிறதோ அதுவே விடை. புதிதாகப் பணியில் சேர்ந்த ஆய்வக நுட்புநர்கூட ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம்.

இவற்றைவிடவும் செலவு குறைந்த முறை ஒன்று இருக்கிறது. அதை நம் மருத்துவமனைகள் ஏன் பரவலாகக் கைக்கொள்ளவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வேதனை தரும் கேள்வி. பாசிட்டிவ் ஆன கல்ச்சர் பாட்டிலிலிருந்தே நேரடியாக முல்லர்-ஹின்டன் என்ற வளர்ப்புத் தட்டில் பரப்பி, அன்றைக்கே மருந்து வில்லைகளை வைத்துவிடுவது. ஐரோப்பிய தரநிலைக் குழுவான யூகாஸ்ட் இதற்கென வகுத்த விரைவு முறையில் 4, 6, 8 மணி நேரங்களில் வளையங்களை அளந்து படிக்கலாம். ஆனால் அதற்குக் கிருமியின் இனம் உடனே தெரிந்திருக்க வேண்டும், ஆகவே இனத்தை விரைவில் கண்டுசொல்லும் மால்டி-டாஃப் கருவி உள்ள பெரிய மையங்களுக்கே அது முழுமையாகப் பொருந்தும். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான சி.எல்.எஸ்.ஐ. வகுத்த நேரடி வில்லைச் சோதனையை மறுநாள் காலையில் படித்தாலும் போதும். அதே இரவில் இன்னொரு தட்டில் கிருமி வளர்ந்து நிற்கும். இனத்தையும் மருந்தையும் ஒரே காலையில் சொல்லிவிடலாம். அதே தட்டு, அதே வில்லை, அதே இன்குபேட்டர். கூடுதலாக வேண்டியவை எழுதப்பட்ட செயல்முறையும், எல்லா மருந்துக்கும் எல்லாக் கிருமிக்கும் இது அங்கீகரிக்கப்படவில்லை என்ற கவனமும், தரக்கட்டுப்பாடும் மட்டுமே. முதல் பத்தியில் நான் கேட்ட ஒரு நாள் இந்த முறையிலேயே கிடைத்துவிடுகிறது.

விலை உயர்ந்த பெட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பனைப் பிரதிநிதிகள் உங்கள் மேசைக்கு முதலில் கொண்டுவருவது அவற்றைத்தான். ஒரு மணி நேரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட கிருமிகளையும் எதிர்ப்பு மரபணுக்களையும் ஒருசேரத் தேடும் பி.சி.ஆர். தொகுப்புகள் சிறந்தவை, நான் அவற்றை எதிர்க்கவில்லை. ஆனால் ஒரு நோயாளிக்கான ஒரு தொகுப்பின் விலையில் பல நோயாளிகளுக்குக் கல்ச்சர் செய்துவிடலாம். தவிர, அந்தத் தொகுப்புகள் தேடும் மரபணுக்களில் இல்லாத வழியில் எதிர்ப்பு வந்திருந்தால் கருவி மௌனமாகிவிடும். மரபணு இல்லை என்பதாலேயே மருந்து வேலை செய்யும் என்று சொல்லிவிட முடியாது. பிரிட்டனில் 2014இல் அறிவிக்கப்பட்ட 80 லட்சம் பவுண்டு மதிப்புள்ள லாங்கிட்யூட் பரிசுத் திட்டம் பத்தாண்டுகள் கழித்து 2024 ஜூனில்தான் ஒரு வெற்றியாளரைக் கண்டது: சிறுநீர்த் தொற்றுக்கு எந்த மருந்து பலிக்கும் என்பதை 45 நிமிடங்களில் காட்டும் சுவீடன் கருவி. மரபணுவைத் தேடாமல், மருந்துக்கு நடுவில் கிருமி வளர்கிறதா என்பதையே நுண்ணோக்கியால் பார்க்கும் அதன் வழி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அது நம் விலைக்கு வரும் காலம் வரட்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கல்ச்சர் பாட்டில் தீர்ந்துபோகாமல் இருப்பதற்கே இன்று உத்தரவாதம் வேண்டும். பாட்டில் இல்லாத இடத்தில் எந்த விரைவுச் சோதனைக்கும் வேலை இல்லை.

விரைவுச் சோதனை என்ற பெயரே தரத்துக்குச் சான்று ஆகிவிடாது என்பதையும் நாம் பட்டறிந்திருக்கிறோம். நான்கு நாள் காய்ச்சலோடு போகிறவருக்கு வைடால் என்ற ரத்தச் சோதனை ஒன்றைச் செய்து, டைஃபாய்டு என்று சொல்லி, ஊசி தொடங்கிவிடுவது தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் காணக்கூடிய காட்சி. ஒரே ஒரு வைடால் முடிவை வைத்து டைஃபாய்டு என்று உறுதி செய்ய முடியாது. வேறு தொற்றும் பழைய தடுப்பூசியும்கூட அதைப் பாசிட்டிவ் ஆக்கும். அது எந்த மருந்து பலிக்கும் என்றும் சொல்லாது. காசநோய்க்கான ரத்தச் சோதனைகள் தவறான முடிவுகளைத் தருகின்றன என்பதால் இந்திய அரசு 2012இல் அவற்றைத் தடை செய்தது. அந்தத் துணிவு இங்கும் வேண்டும். அரசு நிலையங்களில் டைஃபாய்டைத் தனி வைடால் முடிவைக் கொண்டு முடிவு செய்வதை நிறுத்தி, அந்தத் தொகையை ரத்தக் கல்ச்சருக்குத் திருப்பிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

காசநோயைச் சொன்னதால் இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். காசநோயின் முதன்மை மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு உண்டா என்று அறியக் கல்ச்சர் செய்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியை ஏற்றது. இரண்டு மணி நேரத்துக்குள் விடை கிடைத்தது. கோவாவில் உருவான ட்ரூநாட் கருவி 2020இல் அதே ஒப்புதலைப் பெற்றது. பேட்டரியில் இயங்குவதால் தாலுகா அளவிலும் அதை வைக்க முடிந்தது. சளியைக் கொடுத்த நாளிலேயே எந்த மருந்து என்று தெரிந்துகொள்ளும் உரிமை நம் காசநோயாளிக்கு இன்று இருக்கிறது. மாதக்கணக்கில் நீளும் சிகிச்சைக்கு முன்பே அறிந்துகொள்ளும் அந்த உரிமை, நான்கு நாளில் இறந்துபோகக்கூடிய ரத்தத் தொற்று நோயாளிக்கு ஏன் இல்லை? கொரோனா காலத்தில் பல மாநிலங்கள் விரைவு ஆன்டிஜென் சோதனைகளை நாடியபோது, தமிழ்நாடு பி.சி.ஆர். முறையிலேயே உறுதியாக நின்று மாவட்டந்தோறும் ஆய்வகங்களை எழுப்பியது. 2022 ஜனவரியில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளும் திறக்கப்பட்டன. அந்தக் கருவிகளும், அவற்றை இயக்கக் கற்ற நுட்புநர்களும் நம் கையில் இருக்கும் செல்வம்.

இனி ஆட்களைப் பற்றி. கல்ச்சர் பாட்டில் பாசிட்டிவ் ஆவதற்கு நேரம் காலம் கிடையாது. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கருவியில் விளக்கு எரிந்து, திங்கள் காலை ஒன்பது மணிக்கு ஒருவர் வந்து பாட்டிலைக் கையில் எடுக்கும் நிலையைப் பெயர் சொல்ல விரும்பாத ஒரு மருத்துவமனையில் நானே பார்த்திருக்கிறேன். அந்த முப்பத்தொன்பது மணி நேரத்தை உலகின் எந்த விரைவுச் சோதனையாலும் மீட்டுத் தர முடியாது. தீவிர சிகிச்சைப் பிரிவும் பச்சிளங்குழந்தைப் பிரிவும் உள்ள ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு இரவுப் பணிக்கும் விடுமுறை நாளுக்கும் பயிற்சி பெற்ற ஒரு நுட்புநர் பணியிடத்தை உருவாக்குங்கள். இந்த மடலில் ஒரே ஒரு கோரிக்கையைத்தான் நிறைவேற்ற முடியும் என்று நீங்கள் சொன்னால், இதையே நிறைவேற்றுங்கள் என்பேன்.

விடை கிடைத்த பின் அது படுக்கை வரை போய்ச் சேர வேண்டும். 2015இல் வெளியான, 600க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்ட அமெரிக்க ஆய்வு ஒன்றில், விரைவுச் சோதனை முடிவை வெறுமனே அறிக்கையாக அனுப்பியபோது, தேவையற்ற வீரிய மருந்தை மருத்துவர்கள் விரைவாகக் குறைக்கவில்லை. ஆன்டிபயாடிக் கண்காணிப்புக் குழுவினர் அழைத்து ஆலோசனை சொன்னபோதுதான் குறைத்தார்கள். என் அனுபவமும் இதையே சொல்கிறது. வார்டுக்குப் போன தாள் கேஸ் ஷீட்டுக்குள் மடிந்து கிடக்கும். தொலைபேசியில் பணி மருத்துவரிடம் பேசினால் பத்து நிமிடத்தில் மருந்து மாறும். பாசிட்டிவ் ரத்தக் கல்ச்சரின் முடிவை ஆய்வக மருத்துவர் தொலைபேசியில் சொல்லி, நேரத்தையும் பேசியவர் பெயரையும் பதிவேட்டில் எழுதுவதைக் கட்டாயமாக்குங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

மருத்துவப் பணிகள் கழகத்துக்குத் தனியாகச் சில சொற்கள். 1995 முதல் மருந்துக் கொள்முதலில் நாட்டுக்கே முன்மாதிரியாக நிற்கும் நிறுவனம் உங்களுடையது. ஐந்து நொதிகளைக் காட்டும் பட்டைச் சோதனைகளை மாநிலம் முழுவதற்கும் ஒரே ஒப்பந்தப்புள்ளியில் கேட்டால், தனி மருத்துவமனை கேட்கும்போது கிடைக்காத விலை உங்களுக்குக் கிடைக்கும். அவற்றை எல்லா மாதிரிக்கும் வழங்க வேண்டாம். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்தும் பச்சிளங்குழந்தைப் பிரிவிலிருந்தும் வரும் ரத்தக் கல்ச்சரில் கார்பபெனத்துக்கு அடங்காத கிருமி கிடைத்தால் மட்டும் போதும். ஒப்பந்தப்புள்ளியில் குளிர்பதன நிலை, காலாவதிக் காலம், நம் நாட்டில் காணப்படும் என்.டி.எம்., ஆக்ஸா வகைகளைப் பிடிக்கும் திறன் பற்றிய சான்று ஆகியவற்றைக் கேளுங்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்ற, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வலைப்பின்னலில் நீண்ட அனுபவமுள்ள ஆய்வகத்தில் அந்தச் சோதனைகளை நம் கிருமிகளைக் கொண்டு சரிபார்த்த பிறகு வாங்குங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கல்ச்சருக்கும் நொதிச் சோதனைக்கும் தனித் தொகை ஒதுக்கினால், சிகிச்சைத் தொகுப்புக்குள் செலவை மிச்சம் பிடிக்கச் சோதனையைத் தவிர்க்கும் எண்ணம் தனியார் மருத்துவமனைகளுக்கும் வராது.

பச்சிளங்குழந்தைகளைப் பற்றி எழுதாமல் இந்த மடலை முடிக்க முடியாது. ஒன்றரை கிலோ எடையுள்ள குழந்தையிடமிருந்து ஒரு மில்லி ரத்தம் எடுப்பதே பெரும்பாடு. இரண்டாவது மாதிரிக்கு அங்கே வாய்ப்பு குறைவு. குழந்தையின் நிலை சில மணி நேரங்களில் தலைகீழாகும். டெல்லியின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் நடந்த, 2016இல் வெளியான பெரிய ஆய்வு, இந்தத் தொற்றுகளில் அசினெட்டோபேக்டரும் கிளெப்சியெல்லாவும் முன்னணியில் இருப்பதையும், பல மருந்துகளுக்கு அவை அடங்காமல் இருப்பதையும் காட்டியது. நேரடி வில்லைச் சோதனையையும் நொதிப் பட்டையையும் எங்காவது தொடங்குவதென்றால் இந்தக் குழந்தைகளின் பாட்டில்களில் தொடங்குங்கள். சேரும் முடிவுகளை மாவட்டவாரியாகத் தொகுத்து ஆண்டுதோறும் வெளியிடுங்கள். கேரளம் 2018இல் தன் மாநிலச் செயல்திட்டத்தை அறிவித்து, மாநில அளவிலான மருந்து உணர்திறன் அறிக்கையையும் வெளியிட்டிருக்கிறது. எந்த ஊரில் எந்த மருந்து இன்னும் வேலை செய்கிறது என்பது நம் மாநில மருத்துவருக்கும் தெரிய வேண்டும்.

இந்த முறைகளை முதலில் ஐந்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஆறு மாத காலம் நடத்திப் பார்க்கலாம். பாட்டில் பாசிட்டிவ் ஆன நேரம், முடிவு தொலைபேசியில் சொல்லப்பட்ட நேரம், மருந்து மாற்றப்பட்ட நேரம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு நோயாளிக்கும் குறித்துவைத்தால் பலன் உண்டா என்பது தாளிலேயே தெரிந்துவிடும். நேரடி வில்லைச் சோதனைக்கும் கார்பா என்.பி. சோதனைக்குமான செயல்முறைக் குறிப்புகளைத் தமிழில் எழுதித் தரவும், நுட்புநர்களுக்கு ஊதியமின்றிப் பயிற்சி அளிக்கவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன். என்னைப் போலவே வரக்கூடிய நுண்ணுயிரியலாளர்கள் பலரை எனக்குத் தெரியும். துறை எந்த நாளில், எந்த ஊரில் அழைத்தாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மருத்துவ நுண்ணுயிரியலாளர் ஒருவர்